கல்வி அதிகாரி என்றால் யார்?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இந்த ஆண்டு விழாவில் கல்வியைப் பற்றிப் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். அதற்கு நமக்கு யோக்கியதை என்ன என்று முதலில் நாமே யோசித்துப் பார்த்தோம். நாம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு விட்டோம். அதற்குப் பிறகு கற்றதெல்லாம் இது போன்ற ஒரு வாசகசாலையின் பெஞ்சியில் உட்கார்ந்து, கிடைத்த புத்தகத்தைக் கிடைத்தபடி எழுத்துக் கூட்டிப் படித்ததுதான். ஆகவே பண்டிதர்கள் பேசுகின்ற பேச்சை நம்மிடம் எதிர்பார்க்க வேண்டாம். பசித்தவனுக்குத்தான் சோற்றின் அருமை தெரியும் என்பது போல, படிப்புக் கிடைக்காமல் போனவனுக்கும் அதைப் பற்றிச் சொல்ல நாலு வார்த்தை இருக்கும் என்ற தைரியத்தில்தான் வந்திருக்கின்றோம்.

கல்வி நல்லது என்று சொல்லாத மனிதன் உலகத்தில் கிடையாது. பிள்ளையைப் படிக்க வைக்காதவனும் அப்படித்தான் சொல்லுவான். பிறத்தியான் பிள்ளை படிக்கக் கூடாதென்று நினைக்கிறவனும் மேடையேறினால் அதையேதான் சொல்லுவான். ஆனால் அந்தக் கல்வி யாருக்கு, யார் பணத்தில், யார் கையில் என்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். உடனே ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக் கொள்ளுவார்கள். இந்த மூன்று கேள்விகளையும் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து கொண்டே கேட்டு, அதற்காக வாங்கவேண்டிய வசவுகளையெல்லாம் வாங்கிய ஒரு கல்வி அதிகாரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகின்றோம்.

கல்வி அதிகாரி என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகின்றது? ஒரு நாள் வருவார். வருகைப் பதிவேட்டைப் புரட்டுவார். வாத்தியார் வேர்க்க விறுவிறுக்க நிற்பார். பிள்ளைகள் ‘வணக்கம் ஐயா’ என்று பாடுவார்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். நாம் சொல்லப் போகிறவர் இந்த ஜாதியைச் சேர்ந்தவர் அல்லர். அவர் பெயர் ஹொரேஸ் மான். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் என்ற ராஜ்யத்தில் 1837-ஆம் வருஷம் முதல் 1848-ஆம் வருஷம் வரை கல்விச் சபையின் காரியதரிசியாக இருந்தவர். அவர் இறந்தது 1859-இல். அவ்வளவு பழைய சங்கதி நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அவர் அன்று போட்ட சண்டைகளைக் கேளுங்கள். பிறகு பழையதா இல்லையா என்று நீங்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

மணியா, புத்தகமா?

ஹொரேஸ் மான் 1796-இல் பிராங்க்ளின் என்ற சிற்றூரில் ஒரு ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். பதின்மூன்று வயதில் தகப்பனாரைப் பறிகொடுத்தார். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து வீடுகளில் தொப்பி செய்வதற்கு வைக்கோல் பின்னுவது ஒரு தொழில். சிறு பிள்ளைகளெல்லாம் அந்த வேலையைச் செய்தார்கள். மானும் செய்தார். பதினைந்து வயது வரையில் வருஷத்தில் எட்டு வாரம், பத்து வாரத்துக்கு மேல் அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

பிறகு எப்படிப் படித்தார்? அதற்கு ஒரு வேடிக்கையான கதை இருக்கின்றது. அந்த ஊருக்குப் பிராங்க்ளின் என்று பெயர் வைத்ததே, மின்னலில் இருப்பது மின்சாரம்தான் என்று காட்டிய பென்ஜமின் பிராங்க்ளின் என்ற அறிஞரைக் கௌரவப்படுத்தத்தான். பெயர் வைத்த ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? “உங்கள் பெயரை வைத்திருக்கின்றோம், எங்கள் கோவிலுக்கு ஒரு மணி வாங்கிக் கொடுங்கள்” என்று கேட்டார்கள். அவரோ, ஓசையைவிட அறிவு நல்லது என்ற கருத்தைச் சொல்லி, மணிக்குப் பதிலாக ஒரு பெட்டிப் புத்தகங்களை அனுப்பி வைத்தார். எல்லாமாக 116 புத்தகங்கள். ஊர்க்காரர்களுக்கு முதலில் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் புத்தகங்களைத்தான் வைக்கோல் பின்னிய பையன் எடுத்துப் படித்தான்.

தோழர்களே! அன்று மணி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஞாயிற்றுக்கிழமைதோறும் அடித்திருப்பார்கள், காதுக்கு இனிமையாக இருந்திருக்கும், அவ்வளவுதான். புத்தகம் வந்ததால் ஒரு மனிதன் உண்டானான். வாசகசாலைக்கு ஆண்டு விழாக் கொண்டாடுகிற உங்களுக்கு இதற்கு மேல் நாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சவத்தின் முன்னால் ஒரு பிரசங்கம்

அந்த ஊர்ப் பாதிரியார் எம்மன்ஸ் என்பவர் மிகவும் படித்தவர்; மிகவும் பிடிவாதக்காரர். கல்வின் என்பவருடைய மதக் கொள்கையைச் சேர்ந்தவர். அந்தக் கொள்கை என்னவென்றால், எவன் மோட்சம் போவான், எவன் நரகம் போவான் என்பதைக் கடவுள் உலகம் உண்டாவதற்கு முன்னாலேயே தீர்மானம் செய்து வைத்துவிட்டார் என்பதாகும். நல்லவனாக நடந்தாலும் அந்தத் தீர்மானம் மாறாது. இதைக் கேட்டுக் கேட்டுச் சிறுவன் மான் இரவில் தூங்காமல் நடுங்கிக் கொண்டிருந்தான்.

1810-இல் அவனுடைய அண்ணன் ஸ்டீபன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாமல் குளிக்கப் போய்த் தண்ணீரில் மூழ்கி இறந்து போனான். தகப்பன் போன அடுத்த வருஷமே ஒரு பிள்ளையும் போனதென்றால் அந்தத் தாயின் வயிறு எப்படி எரிந்திருக்கும்! சவ அடக்கத்தில் பாதிரியார் ஆறுதல் சொல்லுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ, மனந்திரும்பாமல் சாகின்ற வாலிபர்களுக்கு நரகத்தில் என்ன காத்திருக்கிறது என்பதைப் பற்றி மற்றப் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை செய்தார். பெற்றவள் விம்மியழுத சப்தம் பதினான்கு வயதுத் தம்பியின் காதில் விழுந்தது. அன்றோடு அந்த மதத்துக்கும் அவனுக்கும் இருந்த சம்பந்தம் அறுந்தது.

இதிலிருந்து மான் நாஸ்திகராகி விட்டார் என்று சொல்லிப் பொய்ப் பெருமை தேடிக் கொள்ள நமக்கு இஷ்டமில்லை. அவர் கடவுளை விடவில்லை. பயமுறுத்துகிற கடவுளை விட்டுவிட்டு, ‘யூனிடேரியன்’ என்ற தாராள மதத்தாரோடு சேர்ந்து கொண்டார். ஆனால் சிறுபிள்ளையின் மனதில் பயத்தை விதைப்பது எவ்வளவு கொடுமை என்பதை அவர் சாகும்வரை மறக்கவில்லை. பின்னால் அவர் கல்வி அதிகாரியாக இருந்து செய்த காரியங்களுக்கு வேர் எங்கேயிருக்கிறது என்று தேடினால், அந்தச் சவப் பெட்டியின் பக்கத்தில்தான் இருக்கின்றது.

பிறகு ஒரு ஊர்சுற்றி உபாத்தியாயரிடம் ஆறே மாதம் லத்தீன் முதலியவற்றைப் படித்து, இருபதாவது வயதில் பிரவுன் கலாசாலையில் நேராக இரண்டாம் வருஷ வகுப்பில் சேர்ந்தார். 1819-இல் வகுப்பிலேயே முதல்வராகத் தேறினார். சட்டம் படித்து 1823-இல் வக்கீலானார். 1827-இல் ராஜ்யச் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். சித்த சுவாதீனமில்லாதவர்களைச் சிறைச்சாலையில் கட்டிப் போடுகின்ற கொடுமையை எதிர்த்து, அவர்களுக்கென்று ஊஸ்டர் நகரத்தில் 1833-இல் ராஜ்யச் செலவில் ஆஸ்பத்திரி திறக்கும்படி செய்தார். 1836-இல் மேல்சபைக்கு அக்கிராசனரானார். கொஞ்சம் பொறுத்திருந்தால் ராஜ்ய கவர்னராகக்கூட வந்திருப்பார் என்று பேசிக் கொண்டார்கள்.

அதிகாரமில்லாத அதிகாரி

அந்தச் சமயத்தில்தான், 1837-இல், கல்விச் சபை என்ற ஒன்றைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். அதற்குச் சம்பளக் காரியதரிசி ஒருவர் வேண்டும். மானைக் கேட்டார்கள். அவர் வக்கீல் தொழிலையும் விட்டார், மேல்சபை அக்கிராசனத்தையும் விட்டார். வருஷத்துக்கு 1,500 டாலர் சம்பளத்துக்கு இந்த வேலைக்கு வந்தார். சிநேகிதர்கள், “இது என்ன பைத்தியக்காரத்தனம்?” என்றார்கள்.

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏனெனில் அந்த உத்தியோகத்துக்கு அதிகாரம் என்பதே கிடையாது. ஒரு வாத்தியாரை நியமிக்க முடியாது, தள்ள முடியாது, ஒரு பள்ளிக்கூடத்தைத் திறக்க முடியாது, ஒரு பாடப் புத்தகத்தை மாற்ற முடியாது. அவையெல்லாம் அந்தந்த ஊர்க் கமிட்டிகளின் கையில் இருந்தன. காரியதரிசியின் வேலை விவரம் திரட்டுவது, திரட்டியதை ஜனங்களுக்குச் சொல்லுவது. அவ்வளவுதான்.

ஆனால் உண்மையை உள்ளபடி பார்த்து, பார்த்ததை ஊரறியச் சொல்லுவதைவிடப் பெரிய அதிகாரம் வேறு உண்டா? அதிகாரம் கையில் இல்லாததால் அவர் பிரசாரகரானார். குதிரையேறி ஜில்லா ஜில்லாவாகப் போனார். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். பிட்ஸ்பீல்டு என்ற ஊரில் கூட்டத்துக்கு ஒரு ஏற்பாடும் செய்யாமல் பள்ளிக்கூடம் குப்பையாகக் கிடந்தது. அப்பொழுது ராஜ்ய கவர்னரே கூட வந்திருந்தார். இரண்டு பேருமாகத் துடைப்பத்தை வாங்கிக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டுக் கூட்டத்தை நடத்தினார்கள். கவர்னர் கையில் துடைப்பம் ஏறுகிற இடத்தில்தான் கல்வி ஏறும் என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

போன இடமெல்லாம் அவர் கண்டதென்ன? மழைக்கு ஒழுகுகின்ற கூரை. குளிருக்குக் கணப்பு இல்லாத அறை. சாய்ந்து உட்கார முதுகுப்பலகை இல்லாத பெஞ்சி. அடுத்த வருஷம் வேறு வேலை கிடைத்தால் ஓடிவிடுகிற வாத்தியார். மாட்டுத் தொழுவத்துக்குச் செய்கிற செலவைப் பிள்ளைகள் உட்காருகிற இடத்துக்குச் செய்ய ஊர் பஞ்சாயத்துகளுக்கு மனமில்லை. 1838-இல் பள்ளிக் கட்டிடங்களைப் பற்றி மட்டுமே ஒரு தனி அறிக்கை எழுதினார். காற்று, வெளிச்சம், பெஞ்சியின் உயரம் இவைகளைப் பற்றிக்கூட எழுதினார். அதே வருஷத்தில் ‘பொதுப் பள்ளிப் பத்திரிகை’ என்று ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். வருஷத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அறிக்கைகள் எழுதினார். அதிகாரிகளின் அறிக்கை என்றால் கரையான் தின்பதற்கு என்பதுதான் வழக்கம். இவருடைய அறிக்கைகளைக் கடல் தாண்டியும் படித்தார்கள்.

வாத்தியார்களுக்கு வாத்தியார் தொழிலைக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய முக்கிய கொள்கை. செருப்புத் தைக்கிறவனும் தொழில் பழகித்தான் தைக்கின்றான். பிள்ளையின் மூளையைத் தொடுகிறவன் மட்டும் பழகாமல் தொடலாமா? டுவைட் என்ற ஒரு வியாபாரி 10,000 டாலர் கொடுக்க முன்வந்தார். ராஜ்யமும் அதற்கு ஈடாக அவ்வளவு கொடுத்தது. 1839 ஜூலை 3-ஆம் தேதி லெக்சிங்டன் என்ற ஊரில் அமெரிக்காவின் முதல் அரசாங்க ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? மூன்றே மூன்று பெண்கள்! பத்திரிகைக்காரர்கள் சிரிப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் கடையைக் கட்டவில்லை. அடுத்த வருஷத்துக்குள் இன்னும் இரண்டு இடங்களில் அதே போல் பள்ளி திறந்தார். அந்த மூன்று பெண்களில் ஆரம்பித்த காரியம்தான் பிறகு அந்தத் தேசம் முழுவதும் பரவியது.

யார் பிள்ளைக்கு யார் வரி?

“என் பிள்ளையை நான் சம்பளம் கொடுத்துத் தனிப் பள்ளியில் படிக்க வைக்கிறேன். கூலிக்காரன் பிள்ளைக்கு நான் ஏன் வரி கொடுக்க வேண்டும்?” என்று அந்த ஊர்ச் சொத்துக்காரர்கள் கேட்டார்கள். பிள்ளையில்லாதவர்களும், “எனக்குப் பிள்ளையே இல்லையே, என்னிடம் ஏன் வாங்குகிறாய்?” என்றார்கள்.

இதற்கு மான் 1846-ஆம் வருஷத்து அறிக்கையில் சொன்ன பதில் மிகவும் ஆழமானது. அதன் கருத்தை நம் பாஷையில் சொல்லுகின்றோம். உன் சொத்து என்கிறாயே, நிலத்தை நீ உண்டாக்கினாயா? மழையை நீ பெய்வித்தாயா? ரோட்டையும் பாலத்தையும் தொழில் அறிவையும் நீ கண்டுபிடித்தாயா? உனக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப் போனதன் மேல் ஏறி நின்றுகொண்டுதான் நீ சம்பாதித்தாய். ஆகையால் அந்தச் சொத்தில் இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் பங்கு உண்டு. நீ இடையில் வைத்துக் காப்பாற்றுகிற தர்மகர்த்தாதானே ஒழிய முழுச் சொந்தக்காரன் அல்ல. பிறந்த குழந்தைக்கு மூச்சு விட எப்படி உரிமையோ, அப்படியே படிக்கவும் உரிமை. அதைக் கொடுக்காமல் இருப்பது தர்மம் செய்யாத குற்றமல்ல. பிறர் பங்கை அபகரித்த குற்றம்.

இது பிச்சை போடச் சொல்லுகிற பேச்சல்ல என்பதைக் கவனியுங்கள். ஏழைக்குக் கல்வி கொடுப்பது புண்ணியம் என்று சொன்னால், கொடுக்காதவனுக்குப் புண்ணியம் குறைந்ததோடு காரியம் முடிந்தது. உரிமை என்று சொன்னால்தான் வாங்குகிறவன் தலைநிமிர்ந்து வாங்குவான்.

1848-இல் எழுதிய கடைசி அறிக்கையில், பணக்காரனுக்கும் ஏழைக்கும் உள்ள பள்ளத்தை மேடாக்கக் கூடிய பெரிய சாதனம் கல்விதான் என்று எழுதினார். இரண்டு பேர் பிள்ளைகளும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் படிக்கவேண்டும் என்பதே அவர் கேட்ட பொதுப் பள்ளி.

எதிரிகள் சும்மா இருக்கவில்லை. 1840-இல் கல்விச் சபையையே எடுத்துவிட வேண்டுமென்று சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார்கள். செலவு அதிகம் என்று ஒரு காரணம். மதத்துக்கு ஆபத்து என்று இன்னொரு காரணம். எடுக்கவேண்டுமென்று 182 பேரும், கூடாதென்று 245 பேரும் ஓட்டுச் செய்தார்கள். அறுபத்துமூன்று ஓட்டில் ஒரு ராஜ்யத்துப் பிள்ளைகளின் கல்வி தப்பிப் பிழைத்தது.

பிரம்புக்கு வந்த ஆபத்து

1843-இல் மான் ஐரோப்பாவுக்குப் போய் இங்கிலாந்து, பிரஷ்யா, ஹாலந்து முதலிய தேசங்களின் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்தார். பிரஷ்யாவிலும் சாக்சனியிலும் ஆறு வாரம் பார்த்ததில், ஒரு பிள்ளை அடிபட்டதையும் பார்க்கவில்லை, தண்டனைக்காக ஒரு பிள்ளை அழுததையும் பார்க்கவில்லை என்று திரும்பி வந்து எழுதினார். அங்கே வாத்தியார் புத்தகத்தைக் கையில் வைத்துக் கொண்டு உட்காராமல், நின்றபடியே பிள்ளைகளோடு பேசிப் பாடம் நடத்துகிறார் என்றும் எழுதினார்.

இதைப் படித்தவுடன் பாஸ்டன் நகரத்துப் பெரிய வாத்தியார்கள் 31 பேருக்கு ரோஷம் வந்துவிட்டது. மானைக் கண்டித்து 1844-இல் ஒரு புத்தகமே போட்டார்கள். “பள்ளிக்கூடத்துக்கு ஆதாரம் அதிகாரம், அதிகாரத்துக்கு ஆதாரம் பயம், அடியாத மாடு பணியாது” என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். மான் பதில் புத்தகம் போட்டார். அவர்கள் மறுப்புப் போட்டார்கள். இவர் மறுப்புக்கு மறுப்புப் போட்டார்.

அடுத்த வருஷம் மானின் சிநேகிதரான ஹோ என்ற வைத்தியர், பாஸ்டன் பள்ளிக் கமிட்டியில் இருந்து கொண்டு ஒரு காரியம் செய்தார். அதுவரை அங்கே பரீட்சை என்றால் வாய்மொழிதான். கனவான்கள் வருவார்கள், வாத்தியார் முன்னமே பழக்கி வைத்த பிள்ளையை எழுப்புவார், அது கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கும், கை தட்டிவிட்டுப் போவார்கள். 1845-இல் எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வியை அச்சிட்டுக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். வண்டவாளம் வெளியாகி விட்டது. பிரம்பு பலமாக ஆடின இடத்திலும் படிப்பு ஏறவில்லை என்பது காகிதத்தில் தெரிந்தது.

பிரம்பைப் பற்றி நமக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. நாம் படித்த பள்ளியில் ஒரு கணக்குக்கு விடை தப்பாகச் சொன்னதற்காக நம் உள்ளங்கையில் ஏழு அடி விழுந்தது. விடை எப்படித் தப்பு என்று அந்த வாத்தியார் கடைசி வரையில் சொல்லவேயில்லை. கை வலி இரண்டு நாளில் போய்விட்டது. கணக்கென்றால் ஏற்பட்ட பயம் இருபது வருஷம் போகவில்லை. அப்படியானால் அந்தப் பிரம்பு நமக்குக் கற்றுக் கொடுத்தது என்ன? கணக்கையல்ல, பயத்தைத்தான். மானுக்குப் பாதிரியார் கற்றுக் கொடுத்ததும் அதேதானே!

பள்ளிக்கூடத்தில் யார் சாமி?

இனி எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டைக்கு வருகின்றோம். மாசாசூசெட்ஸில் பள்ளிக்கூடச் சட்டம் பிறந்த கதையே வேடிக்கை. 1647-இல் போட்ட சட்டம், ஐம்பது குடும்பம் உள்ள ஊரில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார் இருக்கவேண்டும் என்றது. காரணம்? ஜனங்கள் வேதத்தைப் படிக்கத் தெரியாமல் இருந்தால் சாத்தான் ஏமாற்றி விடுவானாம்! சாத்தானை ஏமாற்றப் போட்ட சட்டத்தால் ஜனங்கள் படித்தார்கள். படித்தவர்களில் சிலர் சாத்தானையும் சேர்த்தே சந்தேகிக்க ஆரம்பித்தார்கள். அது வேறு விஷயம்.

1827-இல் போட்ட சட்டம், ஒரு குறிப்பிட்ட மதப் பிரிவின் கொள்கையைப் புகட்டுகிற புத்தகத்தைப் பொதுப் பள்ளிக்கு வாங்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. மான் இந்தச் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டார். 1838-இல் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிச் சங்கத்தின் ஆசிரியர் ஒருவர் தங்கள் புத்தகங்களைப் பள்ளி நூல்நிலையங்களில் சேர்க்க வந்தார். அவற்றில் ஒன்று, சின்னத் தப்புச் செய்த பிள்ளைக்கும் நரக பயம் காட்டுவது. மான், முடியாது என்று விட்டார். உடனே, “கடவுளில்லாத பள்ளி! நாஸ்திகப் பள்ளி! இளைஞர்கள் கெட்டுப் போவதற்கு இந்த மனிதனே காரணம்!” என்று பிரசங்கபீடங்களிலிருந்து கூச்சல் கிளம்பிற்று. 1846-இல் ஒரு பாதிரியார் இதையே பிரசங்கம் செய்து, அச்சிட்டும் விற்றார்.

எல்லோரிடமும் வரி வாங்கி நடத்துகிற பள்ளியில் ஒருவன் மதத்தை மட்டும் எப்படிப் போதிப்பது என்பதே மானின் கேள்வி. அதற்கு யாரும் நேரான பதில் சொல்லவில்லை.

ஆனால் தோழர்களே! இந்த இடத்தில் மானும் சறுக்கினார் என்பதை மறைக்க நாம் வரவில்லை. மதப் பிரிவுகளை வெளியே நிறுத்தினாரே ஒழிய, பைபிளை வெளியே நிறுத்தவில்லை. வியாக்கியானம் இல்லாமல் படிக்கட்டும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றார். எந்த பைபிள்? புராட்டஸ்டண்டுகள் படிக்கின்ற மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கருக்கு அது தங்கள் வேதமல்ல. அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கத்தோலிக்கக் கூலிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் பாஸ்டனில் குடியேறினார்கள். 1859 மார்ச்சு மாதம் அந்த நகரத்து எலியட் பள்ளியில், பத்துக் கட்டளைகளைப் புராட்டஸ்டண்டு முறையில் சொல்ல மறுத்த ஒரு கத்தோலிக்கச் சிறுவனை வாத்தியார் அரைமணி நேரம் கையில் பிரம்பால் அடித்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அந்தப் பள்ளியிலிருந்து விரட்டப்பட்டார்கள். வழக்கு நடந்தது, அடித்தவர் விடுதலையானார். பொது என்று பெயர் வைத்து, பெரும்பான்மையோருடையதை மட்டும் உள்ளே விட்டால் கடைசியில் அது பிரம்பில்தான் வந்து முடியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? அந்தக் கதவை முழுக்கச் சாத்த அமெரிக்காவுக்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1963-இல்தான், பொதுப் பள்ளியில் வழிபாடாக பைபிள் படிப்பது சட்ட விரோதம் என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று.

பூசை போடுவதற்கல்ல

இன்னும் சில குறைகளையும் சொல்லிவிடுகின்றோம். ஒரு மனிதனைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் அது புராணமாகிவிடும். புராணம் நமக்கு ஏற்கெனவே போதுமானது இருக்கின்றது.

முதலாவது: நரகத்தை நம்ப மறுத்த இதே மனிதர், மண்டையோட்டின் மேடுபள்ளத்தைத் தடவிப் பார்த்தே ஒருவன் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற மண்டையோட்டுச் சாஸ்திரத்தை முழுக்க நம்பினார். அதைப் பரப்பிய கூம்ப் என்பவரின் பெயரைத் தம் பிள்ளைக்கே வைத்தார். அது விஞ்ஞானம் அல்ல, வெறும் கற்பனை என்பது பின்னால் நிச்சயமாயிற்று. ஆகவே மதத்தை விட்டவன் எல்லாம் மூடநம்பிக்கையை விட்டவன் ஆகமாட்டான். புது உடுப்புப் போட்டுக் கொண்டு வந்தாலும் மூடத்தனம் மூடத்தனம்தான்.

இரண்டாவது: பெண்கள் வாத்தியார் வேலைக்கு வரவேண்டுமென்று முன்னால் நின்றார். ஆனால் அவர்களுக்குக் குறைந்த சம்பளம் போதும் என்பதையும் ஊர்க் கமிட்டிகளுக்கு ஒரு லாபமாகக் காட்டினார். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்றால் பொதுப் பள்ளி சமத்துவத்தைக் கற்றுக் கொடுப்பது எப்படி?

மூன்றாவது: பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அன்று தனிப் பள்ளி. அதை ஒழிக்கவேண்டுமென்று அந்தப் பெற்றோர்கள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். மான் உத்தியோகத்தில் இருந்தவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் தமது பொதுப் பள்ளிக்கே ஆபத்து வரும் என்று பயந்தார் போலும். அடிமை ஒழிப்பு வீரரான வெண்டல் பிலிப்ஸ் இதற்காக அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். இத்தனைக்கும், பயிற்சிப் பள்ளிக்குப் படிக்க வந்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு ஊரில் யாரும் தங்க இடம் கொடுக்காதபோது, தம் வீட்டிலேயே வைத்துக் கொண்டவர் இவர்! வீட்டில் இருந்த தைரியம் ஆபீசில் இல்லை. பெற்றோர்கள் தொடுத்த வழக்கும் கோர்ட்டில் தோற்றது. 1855-இல்தான் ராஜ்யம் சட்டம் போட்டு அந்தத் தனிப் பள்ளியை ஒழித்தது.

ஆனால் உத்தியோகத்தை விட்டபின் அவர் வாய் திறந்தது. 1848-இல் அமெரிக்கப் பார்லிமெண்டுக்குப் போய், அடிமைத்தனத்தை எதிர்த்துப் பேசினார். கப்பலில் எழுபதுக்கு மேற்பட்ட அடிமைகளைத் தப்புவிக்கப் பார்த்துப் பிடிபட்டவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார். ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்ற 1850-ஆம் வருஷத்துச் சட்டத்தை எதிர்த்ததால் தம் சொந்தக் கட்சியாலேயே கைவிடப்பட்டார். 1853-இல் ஓஹையோ ராஜ்யத்தில் புதிதாகத் திறந்த ஆன்டியாக் கல்லூரிக்குத் தலைவரானார். அங்கே ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் படித்தார்கள். பெண் ஒருவரை ஆண்களுக்குச் சமமான பேராசிரியராக நியமித்தார். கறுப்பின மாணவிகளைச் சேர்த்ததற்காகக் கல்லூரியின் தர்மகர்த்தா ஒருவர் ராஜிநாமாச் செய்தபோதும் அவர்களை அனுப்பவில்லை. கல்லூரி கடனில் மூழ்கி 1859-இல் ஏலத்துக்கு வந்தது. அதே வருஷம் பட்டமளிப்பு விழாவில், மனித சமூகத்துக்கு ஏதாவது ஒரு வெற்றியைத் தேடிக் கொடுக்காமல் சாவதற்கு வெட்கப்பட வேண்டும் என்ற கருத்தை மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு, சில வாரங்களில் ஆகஸ்டு 2-ஆம் தேதி இறந்து போனார்.

முடிவாக

தோழர்களே! பன்னிரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்து அவர் கண்ட பலன் என்ன? ஊர்ப் பள்ளி வருஷத்தில் ஆறு மாதமாவது நடக்கவேண்டும் என்று சட்டமாயிற்று. வாத்தியார் சம்பளம் உயர்ந்தது. ஒழுகுகிற கட்டிடங்கள் போய்ப் புதுக் கட்டிடங்கள் வந்தன. பயிற்சி பெற்ற வாத்தியார்கள் வந்தார்கள். அவர் போன பிறகு 1852-இல், அமெரிக்க ராஜ்யங்களிலெல்லாம் முதல் முதலாக அங்கேதான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்ற சட்டம் வந்தது.

ஆகவே ஒரு கல்வி அதிகாரி வந்தால் அவர் எந்தப் பட்டம் பெற்றவர், எவ்வளவு சம்பளக்காரர் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். யார் பிள்ளைக்காக அவர் யாரோடு சண்டை போட்டார் என்று கேளுங்கள். பிரம்பின் பக்கமா, பிள்ளையின் பக்கமா? மணியின் பக்கமா, புத்தகத்தின் பக்கமா? யாருக்காகப் பேசினார் என்று மட்டுமல்ல; யாருடைய பிள்ளை வெளியே நின்றபோது வாயை மூடிக் கொண்டார் என்றும் கேளுங்கள். மானையும் அந்தக் கேள்வியிலிருந்து நாம் விட்டு வைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நாம் சொன்னது வேறொரு தேசத்துக் கதை. எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்பதை உங்கள் புத்தியைக் கொண்டு பாருங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக ஒன்றையும் ஏற்றுக் கொள்ள வேண்டியதில்லை. இந்த வாசகசாலைக்கு அடுத்த ஆண்டு விழாவின்போது புது மணி, புதுப் படம், புதுத் தோரணம் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், பிராங்க்ளின் ஊருக்கு வந்த அந்தப் பெட்டியை மட்டும் ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். வைக்கோல் பின்னிக் கொண்டிருக்கிற பையன் ஒருவன் இந்த ஊரிலும் எங்கேயாவது உட்கார்ந்திருப்பான். அவன் வந்து எடுப்பதற்கு அலமாரியில் புத்தகம் இருக்கவேண்டும். அலமாரி பூட்டப்படாமலும் இருக்கவேண்டும்.